ஆளில்லாத் தீவை அகத்தில் படைத்த அறிஞர் இப்னு துஃபைல் (ரஹ்)

அந்தலூஸ் என்று அரபியர் அழைத்த ஸ்பெயின் மண் உலகுக்கு ஈந்த அறிஞர்களுள் இப்னு ருஷ்தை அறிந்தவர் பலர். அவரைக் கைப்பிடித்து அரசவைக்கு அழைத்துச் சென்ற மூத்தவரை அறிந்தவர் சிலரே. அவர்தாம் அபூபக்ர் முஹம்மது இப்னு துஃபைல் (ரஹ்) அவர்கள்.

கி.பி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிரனாடாவை அடுத்த வாதீ ஆஷ் என்னும் ஊரில் பிறந்தார்கள். கிரனாடாவில் மருத்துவம் செய்தார்கள். ஆளுநரிடம் எழுத்தராகவும் இருந்தார்கள். பின்னர் முவஹ்ஹிதூன் மரபின் கலீஃபா அபூ யஃகூப் யூசுஃபுக்கு (ஆட்சி 1163–1184) மருத்துவரானார்கள். கலீஃபா கொண்ட அன்பின் மிகுதியால் இரவும் பகலுமாகப் பல நாள்கள் அரண்மனையிலேயே தங்கிவிடுவார்கள் என வரலாற்றாசிரியர் மர்ராகுஷீ குறித்துள்ளார்.

இப்னு ருஷ்தை அவர்கள் கலீஃபாவிடம் அழைத்துச் சென்ற நாளில் ஒரு நிகழ்ச்சி. வானங்கள் என்றும் உள்ளவையா, படைக்கப்பட்டவையா என்பதில் தத்துவ அறிஞர்களின் கருத்து யாது என்று கலீஃபா வினவினார். இப்னு ருஷ்து அஞ்சி, தமக்குத் தத்துவத்தோடு தொடர்பே இல்லை என்று மறுத்துவிட்டார். கலீஃபா அதனை உணர்ந்து, இப்னு துஃபைலின் பக்கம் திரும்பி அவர்களோடு அக்கேள்வியைப் பேசத் தொடங்கிய பின்னரே இப்னு ருஷ்தின் அச்சம் தெளிந்தது.

அரசவையில் நாவெழாத அதே கேள்வி, இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய் இப்னு யக்ழான்’ என்னும் கதையில் அச்சமின்றி உலவுகிறது. அங்கே அதனைக் கேட்பவனுக்கு அரசனும் இல்லை, ஆசிரியனும் இல்லை. அவன் இருப்பது நிலநடுக்கோட்டின் கீழே, இந்தியக் கடலில் உள்ள ஓர் ஆளில்லாத் தீவு!

மனத்துள் ஓர் உலகைக் கட்டி உண்மையைச் சோதிக்கும் முறை புதிதன்று. எதையும் காணாது, எதையும் தீண்டாது வெளியில் மிதக்கும் மனிதனை இப்னு சீனா கற்பனை செய்தார். ஹய் என்ற பெயரும் அவருடைய நூலொன்றிலிருந்து பெறப்பட்டதே. ஆயினும் ஒரு முழு வாழ்நாளையே அவ்வாறு படைத்தவர் இப்னு துஃபைல்.

ஹய் எவ்வாறு தீவுக்கு வந்தான்? களிமண்ணிலிருந்து தானே உருவானான் என்றும், தாய் அவனைப் பேழையில் வைத்துக் கடலில் விட்டாள் என்றும் இரு கூற்றுகளைத் தருகிறார்கள். பின்னதைப் படிப்போர்க்கு மூஸா (அலை) அவர்களின் தாயார் நினைவுக்கு வருவார். எது மெய் என்று இப்னு துஃபைல் தீர்ப்பளிக்கவில்லை. மொழியும் நூலும் சுற்றமும் இல்லாத ஓர் அறிவு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதே அவர்களின் வினா.

பால் கொடுத்து வளர்த்த பெண்மான் ஹய்யின் ஏழாம் வயதில் இறக்கிறது. புறத்தே காயமில்லை. கூரிய கற்களால் மார்பைப் பிளந்து இதயத்தை அடைகிறான். அதன் ஓர் அறை வெறுமையாயிருக்கக் கண்டு, அங்கே குடியிருந்தது போய்விட்டது, தான் நேசித்தது இவ்வுடலை அன்று என்று தெளிகிறான். மருத்துவர் ஒருவரால் மட்டுமே எழுதக்கூடிய பகுதி இது. காகம் காகத்தைப் புதைப்பது கண்டு தானும் மானைப் புதைக்கிறான். காபீலின் வரலாற்றை அறிந்தவர்க்கு இதுவும் விளங்கும்.

பின் நெருப்பு, விலங்கு, விண்மீன் என ஆய்ந்து செல்கிறான். உலகம் என்றும் உள்ளதா, தோன்றியதா என்பதை அவனால் முடிவு செய்ய இயலவில்லை. எப்படியாயினும் அதற்கு ஓர் ஆக்கியோன் வேண்டும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

ஐம்பது வயதளவில் அப்ஸால் என்னும் இறையடியார் அத்தீவுக்கு வருகிறார். அவனுக்குப் பேசக் கற்பிக்கிறார். நபிமார்கள் வழிவந்த மார்க்கம் தான் கண்டதோடு ஒத்திருப்பதை அறிந்து, தொழுகையையும் நோன்பையும் ஹய் ஏற்கிறான். பிறகு அப்ஸாலின் ஊர் மக்களுக்குத் தான் கண்டதைப் போதிக்கச் சென்று தோல்வியுறுகிறான். அவர்களை இகழவில்லை, மன்னிப்புக் கேட்டு, தங்கள் மார்க்கச் சட்டத்திலேயே உறுதியாயிருக்கச் சொல்லித் தீவுக்குத் திரும்புகிறான். தம் கதைமாந்தனையே தோற்கவிட்ட இந்நேர்மையே நூலின் உயிர் என்று கருதுகிறேன்.

இப்னு துஃபைல் தீவுக்குப் போனவர்கள் அல்லர். 1182இல் மருத்துவப் பொறுப்பை இப்னு ருஷ்திடம் ஒப்படைத்து, 1185இல் மர்ராகிஷில் வஃபாத்தானார்கள். ஜனாஸாவில் புதிய கலீஃபா அல்மன்ஸூரும் கலந்துகொண்டார். 1671இல் அரபு மூலமும் இலத்தீன் மொழிபெயர்ப்பும் ஒருசேர ஆக்ஸ்ஃபோர்டில் அச்சேறின. அதற்கு வெகுமுன்பே, 13ஆம் நூற்றாண்டில், நுரையீரல் குருதியோட்டத்தை விளக்கிய மருத்துவர் இப்னு நஃபீஸ் தாமும் ஒரு தீவைப் படைத்தார். அங்கே தனித்து வளர்ந்த காமில், கப்பலில் வந்த மனிதரைக் கண்ட பின்னரே, மனிதன் மனிதரோடுதான் வாழவேண்டும் என்று உணர்ந்தான்.