ஜே.ஜே. ஜான்சன்: வேகமும் புலம்பலும்

டிராம்போன் என்னும் பித்தளைக் குழலில் சுரத்தைப் பிடிக்க விரல் அழுத்தும் கட்டைகள் இல்லை. முன்னும் பின்னும் இழுக்கும் நீள்குழாய் ஒன்றே உண்டு. அது நிற்க வேண்டிய இடங்கள் ஏழு. எங்கே நிற்பது என்பதைக் காதும் தோளும் அறிந்திருக்க வேண்டும். ஆகவேதான் பழைய ஜாஸ் குழுக்களில் அது வழுக்கி இழையும் ஓசைக்கும், சில வேளைகளில் வெறும் சிரிப்பூட்டலுக்குமே பெரிதும் பயன்பட்டது. ஜாக் டீகார்டன் போன்ற ஒரு சிலர் விதிவிலக்கு. 1940களில் சார்லி பார்க்கரின் சாக்ஸபோனும் டிஸி கில்லஸ்பியின் ட்ரம்பெட்டும் மின்னலென ஒரு புதிய இசைமொழியைப் பேசத் தொடங்கியபோது, டிராம்போன் பின்தங்கிவிடும் என்றே தோன்றிற்று.

அவ்வாறு நேராமல் காத்தவர் ஜேம்ஸ் லூயிஸ் ஜான்சன். 1924 ஜனவரி 22ஆம் நாள் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். பியானோவில் தொடங்கிப் பதினான்கு வயதில் டிராம்போனைக் கையிலெடுத்தார். அவர் உன்னிப்பாகக் கேட்டவர்களுள் ஒருவர் சாக்ஸபோன் கலைஞரான லெஸ்டர் யங் என்பது கவனிக்கத்தக்கது. தம் கருவிக்கு உரியது என ஊரார் ஒதுக்கியதை விட்டு, வேறொரு கருவியின் சொல்லோட்டத்தை அவர் தேடினார். பென்னி கார்ட்டர், கவுண்ட் பேஸி ஆகியோரின் பெருங்குழுக்களில் வாசித்தபின், 1946இல் சவாய் நிறுவனத்துக்காகத் தம் பெயரிலேயே இசைத்தட்டுப் பதிந்தார். பட் பவலும் மாக்ஸ் ரோச்சும் உடன் வாசித்தனர். 1947இல் பார்க்கரின் பதிவொன்றிலும் பங்கேற்றார். தெளிவான ஒலி, குறைந்த நடுக்கம், ஒவ்வொரு சுரமும் தனித்தனியே: இழுகுழாயில் இது கூடுமா என ஐயுற்று, கட்டை வைத்த டிராம்போன்தான் வாசிக்கிறார் என்று எண்ணியவர்கள் பலர்.

புகழ் வந்தது, வருவாய் வரவில்லை. 1952 முதல் 1954 வரை ஸ்பெர்ரி தொழிற்சாலையில் பொறியியல் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தார். ஆனால் பதிவுக் கூடம் அவரை விடவில்லை. 1953இல் கிளிஃபோர்ட் பிரவுனுடன் புளூ நோட் நிறுவனத்துக்கும், 1954 ஏப்ரலில் மைல்ஸ் டேவிஸுடன் ‘வாக்கிங்’ பதிவுக்கும் வாசித்தார். அளவு பிசகாத கோடுகளைப் பார்த்துக் களைத்த அதே கண்களையுடையவர்தாம் அந்தத் தட்டுகளில் ஒலிக்கிறார்.

அதே 1954இல், டென்மார்க்கில் பிறந்த கை விண்டிங்குடன் இணைந்து இரட்டை டிராம்போன் குழு ஒன்றை அமைத்தார். போட்டியாக அன்றி உரையாடலாகவே அவர்கள் வாசித்தனர். மக்களும் விரும்பிக் கேட்டனர். ‘லமென்ட்’, அதாவது புலம்பல், என்னும் மென்னடைப் பாடல் பதிவானது அந்தக் கூட்டணியின் தட்டில்தான். வேகத்தால் பெயர் பெற்றவர் எழுதியவற்றுள் பிற கலைஞர்கள் மிகுதியாக எடுத்தாண்டது இந்த மெதுவான பாடலே. 1957இல் கில் எவன்ஸ் அமைத்த ‘மைல்ஸ் அஹெட்’ தட்டில் டேவிஸ் அதை ஃபுளூகல்ஹார்னில் வாசித்தார். 1962இல் கண்பார்வையற்ற ரோலண்ட் கிர்க் ‘டொமினோ’ தட்டில் தம் கருவியில் எடுத்துக்கொண்டார். சாக்ஸபோன் போன்ற நாணற் கருவிகளில் அது தனக்கென்றே எழுதப்பட்டதுபோல் இயல்பாக அமைகிறது. மூச்சு நீளும் இடங்களை அறிந்தவர் எழுதிய மெட்டல்லவா? சொற்கள் இல்லாமலே இரங்கும் பாடல் அது. அழுகையை உரக்கக் காட்டாது, அடுத்த சுரத்துக்குப் போகத் தயங்கும் கணத்தில்தான் துயரம் நிற்கிறது. கவிதை எழுதுவோர் கேட்டறிய வேண்டிய தயக்கம்.

1970இல் லாஸ் ஏஞ்சலஸ் சென்று திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைத்தார். நெடுங்காலம் மேடை அவரைக் காணவில்லை. 1987இல் திரும்பினார். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் விடுதியில் வாசித்தவை இரண்டு தட்டுகளாயின. அவ்வாண்டே மனைவி விவியன் பக்கவாதத்தால் வீழ்ந்தார். ஜான்சன் மேடையை மீண்டும் துறந்து அவரருகே இருந்தார். 1991இல் விவியன் மறைந்தார். அடுத்த ஆண்டு பதிந்த தட்டுக்கு ‘விவியன்’ என்றே பெயர். முழுவதும் மென்னடைப் பாடல்கள். இளமையில் எவரும் எட்ட முடியாத வேகத்தைக் காட்டிய கை, அங்கே அவசரமே அறியாததுபோல் நகர்கிறது.

பின்னர் மறுமணம் செய்துகொண்டார். சில ஆண்டுகள் வாசித்து ஓய்ந்தார். புற்றுநோயால் வருந்திய அவர், 2001 பிப்ரவரி 4ஆம் நாள் இண்டியானாபொலிஸில் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது வயது 77.