ஆசிரியர் பெருந்தகை பெஸ்டலாசி

கல்வி என்பது நூல்களிற் காணும் செய்திகளை மாணவர் நெஞ்சில் கொண்டுபோய்க் கொட்டுவதன்று. அவர்தம் உள்ளத்தில் உறங்கிக் கிடக்கும் ஆற்றல்களை எழுப்பி வளர்ப்பதேயாகும். இக்கருத்தை இன்று அறிஞர் பலரும் ஒப்புக்கொள்வர். ஆனால் இருநூறு ஆண்டுகட்கு முன்னர் இதனைப் பள்ளியில் நடத்திக் காட்ட முயன்றவர் பலருடைய நகைப்புக்கு ஆளானார். அந்நகைப்பைப் பொருட்படுத்தாது, வறியவர் மக்களிடத்தும் அவ்வாற்றல் உண்டென நம்பி, அந்நம்பிக்கைக்காகத் தம் செல்வத்தையும் வாழ்நாளையும் செலவிட்டவர் பெஸ்டலாசி என்னும் பெருந்தகை ஆவார்.

பெஸ்டலாசி 1746ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஓர் அறுவை மருத்துவர். மைந்தருக்கு ஐந்து வயதானபோது அவர் இறந்தார். இறக்கும் தறுவாயில் வீட்டுப் பணிப்பெண்ணாகிய பார்பரா என்பாரை அழைத்துத் தம் குடும்பத்தைக் கைவிடலாகாது என வேண்டினார். அவ்வம்மையார் கொடுத்த வாக்கைத் தவறாது காத்து, அக்குடும்பத்திற்கே தம் வாழ்வை ஈந்தார். அன்பும் ஈகமும் நிறைந்த இல்லமே முதற் பள்ளி என்பதைப் பெஸ்டலாசி இவ்வாறு இளமையிலேயே உணர்ந்தார். அருகிலிருந்த சிற்றூரில் கிறித்தவப் போதகராக விளங்கிய பாட்டனார், ஏழைகளின் குடில்களைக் காணச் செல்லும்போது பேரனையும் உடன் அழைத்துச் செல்வார். வறுமையின் கொடுமையைச் சிறுவர் அங்கே நேரிற் கண்டார்.

பள்ளியில் பெஸ்டலாசி சிறந்த மாணவர் எனப் பெயரெடுக்கவில்லை. நடையுடையில் ஒழுங்கில்லாதவர், எதிலும் தடுமாறுபவர் என்று உடன் பயின்றோர் அவருக்குப் பட்டப்பெயர் சூட்டி எள்ளினர். பிற்காலத்தில் பின்தங்கிய மாணவர்பால் அவர் பெரிதும் பரிவு காட்டியதற்கு இவ்விளமைத் துன்பமும் ஒரு காரணம் எனலாம்.

1769ஆம் ஆண்டில் அன்னா என்னும் நற்குண மங்கையை மணந்தார். பிர் என்னும் சிற்றூருக்கு அருகே நிலம் வாங்கி, புதுப்பண்ணை எனப் பொருள்படும் பெயரிட்டு உழவுத் தொழிலை மேற்கொண்டார். அத்தொழில் நட்டத்தில் முடிந்தது. அந்நிலையிலும் 1774ஆம் ஆண்டில் ஊரில் இரந்து திரிந்த பிள்ளைகளைத் தம் வீட்டிற் சேர்த்து, நூல் நூற்கவும் நெய்யவும் கற்பித்து, அவற்றோடு எழுத்தும் எண்ணும் பயிற்றினார். பிள்ளைகளின் உழைப்பே அவர்தம் கல்விச் செலவை ஈடு செய்யும் என்பது அவர் எண்ணம். ஆனால் புத்தாடை பெற்றவுடன் ஓடிப்போன பிள்ளைகள் பலர். கடனோ நாளுக்கு நாள் பெருகிற்று. மனைவியாரின் செல்வமும் கரைந்தது. 1780ஆம் ஆண்டில் அவ்வில்லம் மூடப்பட்டது.

அடுத்த ஆண்டில் அவர் லியனார்டும் கெர்ட்ரூடும் என்னும் கதையை வெளியிட்டார். கொத்தன் ஒருவனின் மனைவி தன் இல்லத்தைத் திருத்தி, அதன்வழி ஓர் ஊரே திருந்தக் காரணமாகும் செய்தியைக் கூறும் அந்நூல் அவர் புகழை ஐரோப்பாவெங்கும் பரப்பியது. எனினும் அவர் நாடியது நூலாசிரியர் என்னும் புகழையன்று. பள்ளியாசிரியர் என்னும் பணியையே.

அப்பணி போரின் வாயிலாக வந்தது. 1798ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை ஸ்டான்ஸ் என்னும் ஊரைத் தாக்கியது. பிள்ளைகள் பலர் பெற்றோரை இழந்தனர். அவர்களுக்காக 1799ஆம் ஆண்டு சனவரியில் அரசினர் தொடங்கிய இல்லத்தைப் பெஸ்டலாசி ஏற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. நோயுற்றும் அழுக்கேறியும் அச்சத்தால் நடுங்கியும் வந்த எண்பது பிள்ளைகளுக்கு, ஒரு பணிப்பெண்ணின் துணையோடு, அவரே தாயும் தந்தையும் ஆசிரியரும் ஆனார். இரவில் எல்லார்க்கும் பின் உறங்கினார். காலையில் எல்லார்க்கும் முன் எழுந்தார். முன்னர்க் கற்ற பிள்ளை, கல்லாத பிள்ளைக்குக் கற்பித்தது.

அந்நாளில் ஆல்ட்டார்ஃப் என்னும் ஊர் தீக்கிரையாயிற்று. பெஸ்டலாசி தம் பிள்ளைகளைக் கூட்டி, அவ்வூரில் வீடிழந்த சிறுவர் இருபதின்மரை இங்கே அழைக்கலாமா என்று வினவினார். பிள்ளைகள் மகிழ்ந்து இசைந்தனர். உணவு குறையும், உடையைப் பகிர வேண்டும், உழைப்பு மிகும் என்று அவர் எச்சரித்தார். பிள்ளைகள் தம் சொல்லினின்றும் மாறவில்லை. அன்பைப் பெற்ற உள்ளமே பிறர்க்கு அன்பு செய்யும் என்னும் அவர்தம் கொள்கைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஐந்து திங்கள் சென்றபின், சூன் மாதத்தில், படையினர் மருத்துவமனைக்கென அவ்விடத்தை எடுத்துக்கொண்டனர். பெஸ்டலாசி குருதி கக்கும் நோயோடு வெளியேறினார். ஆயினும் அவ்வாண்டிலேயே பர்க்டார்ஃப் நகரில் எளியோர் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றில் ஆசிரியராய் அமர்ந்தார். புதுமுறையைத் தம் மக்கள்மேல் சோதித்துப் பார்ப்பதைப் பெற்றோர் விரும்பவில்லை. அவர் வேறொரு பள்ளிக்குச் சென்று சிறு குழந்தைகட்குக் கற்பித்தார். 1800ஆம் ஆண்டில் நடந்த தேர்வில் அக்குழந்தைகள் அடைந்திருந்த முன்னேற்றம் அதிகாரிகளை வியப்பில் ஆழ்த்தியது. அந்நகரக் கோட்டையில் பள்ளி நடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

அவருடைய முறை எளியது. முதலில் பொருளைக் கண்ணால் காணவேண்டும். பின்னரே சொல் வரவேண்டும். பள்ளிச் சுவரில் தொங்கிய கிழிந்த திரைச்சீலையே அவர்க்குப் பாடநூலாயிற்று. அதன் ஓட்டைகள் எத்தனை, எவ்வடிவின, எங்குள்ளன எனப் பிள்ளைகளே நோக்கிக் கூறுவர். எண், வடிவம், சொல் ஆகிய மூன்றும் அறிவின் அடிப்படை என்றார். தலையும் நெஞ்சும் கையும் ஒருங்கே வளர்தல் வேண்டும் என்றார். ஒரு மாணவனை மற்றொருவனோடு ஒப்பிடலாகாது. நேற்றிருந்த நிலையினின்று அவன் இன்று எவ்வளவு வளர்ந்துள்ளான் என்றே காணவேண்டும் என்றார். இதன் பயன் கண்கூடு. வறுமையால் வீட்டைவிட்டு வந்து பர்க்டார்ஃபில் சேர்ந்த பத்து வயதுச் சிறுவர் ராம்சாவர், பின்னாளில் ஜெர்மனியில் அரச குடும்பத்தார்க்குக் கற்பிக்கும் ஆசிரியராய் உயர்ந்தார்.

1805ஆம் ஆண்டு முதல் இவெர்டன் கோட்டையில் அவர் நடத்திய பள்ளியை நாடிப் பல நாட்டு மாணவர் வந்தனர். பிரஷ்ய அரசு தன் இளம் ஆசிரியர்களை அங்கே பயில அனுப்பியது. பிற்காலத்தில் குழந்தைப் பள்ளிகளைத் தோற்றுவித்த ஃபிரோபெலும் 1808 முதல் 1810 வரை அங்கிருந்து கற்றார். ஆனால் பெஸ்டலாசி நிருவாகத் திறம் வாய்ந்தவரல்லர். துணையாசிரியர் தம்முட் பூசலிட்டனர். 1815இல் அன்னா அம்மையாரும் மறைந்தார். 1825ஆம் ஆண்டில் பள்ளி மூடப்பட்டது. முதுமையில் தம் பழைய பண்ணைக்கே திரும்பிய அவர், தம் குறைகளை ஒளியாது எழுதி வைத்து, 1827ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் உயிர் நீத்தார். பிர் என்னும் சிற்றூரின் பள்ளிக்கூடத்தருகே அவரை அடக்கம் செய்தனர்.

பெஸ்டலாசி தொடங்கிய நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மறைந்தன. அவற்றை மட்டும் நோக்குவோர் அவரைத் தோற்றவர் என்பர். ஆனால் பின்தங்கிய மாணவன் ஒருவனைக் கடிந்து ஒதுக்காது, அவனருகே அமர்ந்து மீண்டும் ஒருமுறை கற்பிக்கும் ஆசிரியர் உள்ள இடமெல்லாம் அவர் பள்ளி நடந்துகொண்டே இருக்கின்றது.