பொறியியல் மேதை அல்-ஜஸரீ

மனித உருவில் ரோபோ அமைத்து, அதற்குச் செயற்கை நுண்ணறிவு ஊட்டும் கலையைப் பயில இன்று நம் இளைஞர்கள் ஆவலுடன் முன்வருகின்றனர். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய முன்னோர்களில் ஒருவர், பதீஉஸ் ஸமான் அபுல் இஸ் இஸ்மாயீல் இப்னுர் ரஸ்ஸாஸ் அல்-ஜஸரீ ஆவார்.

யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட அல்-ஜஸீரா நிலப்பகுதியால் பெயர் பெற்ற இவர், ஹிஜ்ரி 570 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அர்துகிய மன்னர்களின் அவையில் பணியாற்றினார். தந்தை, மூத்த மகன், இளைய மகன் என அக்குடும்பத்தின் மூவரிடம் அடுத்தடுத்துப் பணி புரிந்தவர். இளையவரே நாஸிருத்தீன் மஹ்மூத்.

பணியாளர் தம் கைகளில் நீர் வார்க்க உளூச் செய்வதை இம்மன்னர் விரும்பவில்லை. அதற்கெனவே நீர் வார்க்கும் பதுமையொன்றை அல்-ஜஸரீ அமைத்துத் தந்தார். அவருடைய மயில் பொறி அதனினும் நயமானது. மயிலின் அலகிலிருந்து விழும் நீரில் கை கழுவுவர். கழுவிய நீர் அடித்தொட்டியில் சேரச் சேர, உள்ளேயுள்ள மிதவை உயரும். உடனே கதவு திறந்து ஒரு பதுமை சவர்க்காரப் பொடியுடன் வெளிவரும். நீர் மேலும் உயர்ந்ததும் மற்றொன்று துவாலையுடன் வரும். இப்பதுமைகளுக்குப் பார்வையுமில்லை, சிந்தனையுமில்லை. எனினும், நிலையை உணர்ந்து அதற்கேற்ப இயங்குவது என்னும் இன்றைய ரோபோவின் அடிப்படை இங்கே மிதவையின் வடிவில் இருக்கிறது.

ரோபோவின் தந்தை இவரே எனச் சிலர் எழுதுவது மிகை. கிரேக்க அறிஞர்களும், பக்தாதின் பனூ மூஸா சகோதரர்களும் இவருக்கு முற்பட்டவர்கள். இவரது தனிச்சிறப்பு வேறு. முன்னோர் நூல்களைக் கற்றபோது, அவர்கள் சொன்ன யாவற்றையும் தாமே செய்து பார்க்கவில்லை என்பதை உணர்ந்தார். சோதித்துப் பாராததை மெய்யென ஏற்க அவர் மனம் இசையவில்லை. முதலில் காகிதத்தில் மாதிரி செய்வார். மரம் வளையாதிருக்கப் பலகைகளை அடுக்கி ஒட்டுவார். நீர் கசியாதவாறு வால்வுகளை எமரிப் பொடியிட்டு அரைப்பார். நீர்த்துளையின் அளவைப் பாயவிட்டே சரிபார்ப்பார். நம் பிள்ளைகள் கணினித் திரையோடு நின்றுவிடாமல் பட்டறைக்கும் செல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

இவ்வளவு உழைப்பும் வீணாகிவிடலாகாது என்று கருதிய மன்னர், யாவற்றையும் நூலாக எழுதுமாறு பணித்தார். யானைக் கடிகாரம், இசைக்கலைஞர் பதுமைகள் அமர்ந்த படகு, நீரிறைக்கும் பொறிகள் உள்ளிட்ட 50 அமைப்புகளைப் படங்களுடன் விளக்கும் அந்நூல் 1206 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார் என்பர். மன்னர்களின் அரண்மனையில் ஓடிய பொறிகள் எவையும் இன்றில்லை. நூல் மட்டும் நின்றது. டொனால்ட் ஹில் 1974 இல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதில் கண்ட அளவுகளைக் கொண்டே 1976 இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவரது பெரிய நீர்க்கடிகாரத்தை மீண்டும் அமைத்தனர், அது ஓடியது.