படகில் மோதிய பந்துகள்

நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் 1629ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் கிறிஸ்டியான் ஹைகென்ஸ் பிறந்தார். தந்தையார் கான்ஸ்டன்டைன் ஹைகென்ஸ் புகழ்பெற்ற கவிஞர். ஆரஞ்சு இளவரசர்களிடம் செயலராகப் பணியாற்றியவர். எட்டு வயதிலேயே தாயை இழந்த கிறிஸ்டியானுக்கு வீடே பள்ளியாயிற்று. கவிஞர்களும் அறிஞர்களும் வந்து செல்லும் வீடு அது. அவர்களுள் தலையாயவர், அப்போது நெதர்லாந்தில் வாழ்ந்துவந்த பிரெஞ்சு மெய்யியலறிஞர் ரெனே டெகார்ட். நண்பர் வீட்டுச் சிறுவனின் கணிதத் திறனைக் கண்டு அவர் வியந்தார். சிறுவனும் அவரைத் தன் அறிவுலக வழிகாட்டியாகவே ஏற்றுக்கொண்டான். பின்னாளில் அந்த வழிகாட்டியின் பிழையைத் திருத்த வேண்டிய கடமை அவனுக்கே வந்து சேர்ந்தது.

1644ஆம் ஆண்டு டெகார்ட் தம் மெய்யியல் கோட்பாடுகளை நூலாக வெளியிட்டார். உலகில் உள்ள இயக்கத்தின் மொத்த அளவு என்றும் மாறாது என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கி அவர் அவ்வளவைக் கணித்தார், திசையைக் கருதவில்லை. இதனைக் கொண்டு மோதலுக்கு ஏழு விதிகளை வகுத்தார். நிலையாக உள்ள பெரிய பொருளின்மீது சிறிய பொருள் மோதினால், பெரியது சற்றும் அசையாது. சிறியது வந்த வேகத்திலேயே திரும்பும் என்பது அவற்றுள் நான்காவது. நிலையாக உள்ள சிறிய பொருளின்மீது பெரியது மோதினால் இரண்டும் சேர்ந்தே முன்செல்லும் என்பது ஐந்தாவது. படிப்பவர் எவரும் முதலில் தலையசைத்து ஏற்கத்தக்க விதிகளே இவை. இளைஞர் ஹைகென்ஸும் அவ்வாறே ஏற்றார்.

1645 முதல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற அவர், பிரான்ஸ் வான் ஸ்கூட்டன் என்னும் ஆசிரியரிடம் கணிதமும் கற்றார். டெகார்ட்டின் வடிவியல் நூலை இலத்தீனில் பெயர்த்தவர் இவ்வாசிரியர். 1652ஆம் ஆண்டளவில், டெகார்ட் மறைந்து ஈராண்டுகள் கழிந்த நிலையில், ஹைகென்ஸ் மோதல் விதிகளை ஆராயத் தொடங்கினார். பெரும்பாலானவை பொருந்தவில்லை. இதனை ஆசிரியருக்கு எழுதியபோது, டெகார்ட்டை மறுக்கும் முயற்சியில் காலத்தைச் செலவிட வேண்டாம் என்னும் பொருளிலேயே அவர் அறிவுறுத்தினார். போற்றிய அறிஞர் ஒருபுறம், மதித்த ஆசிரியர் மறுபுறம். ஹைகென்ஸ் ஆய்வைக் கைவிடவில்லை.

அவர் கண்ட வழி எளிமையானது. அந்நாட்டில் கால்வாய்கள் மிகுதி. கரையில் நடக்கும் குதிரைகள் இழுக்க, படகுகள் அதிர்வின்றிச் செல்லும். அத்தகைய படகில் ஒருவர் நின்று, நூலில் கட்டிய இரு பந்துகளை மோதவிடுவதாக ஹைகென்ஸ் கற்பனை செய்தார். சம நிறையுள்ள இரு கடினப் பந்துகள் சம வேகத்தில் எதிரெதிரே மோதினால் அதே வேகத்தில் திரும்பும். இதில் எவருக்கும் ஐயமில்லை. படகும் அதே வேகத்தில் செல்லுமாயின் கரையில் நிற்பவர் காண்பது என்ன? ஒரு பந்து அசையாது நிற்கிறது. மற்றொன்று இருமடங்கு வேகத்தில் வந்து மோதி நின்றுவிடுகிறது. நின்றிருந்த பந்து அவ்வேகத்தைப் பெற்றுச் செல்கிறது. கேரம் பலகையில் நேருக்கு நேர் அடித்த காய் நின்று மற்றொரு காய் ஓடுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

நிறைகள் சமமில்லாதபோதுதான் டெகார்ட்டின் விதி உடைகிறது. பந்துகளின் வேகங்கள் நிறைகளுக்கு எதிர்விகிதத்தில் இருந்தால், ஒவ்வொன்றும் தான் வந்த வேகத்திலேயே திரும்பும் என்று ஹைகென்ஸ் நிறுவினார். பொருள்களின் பொது ஈர்ப்பு மையம் தன் எடையால் தானாக மேலெழாது என்னும் கொள்கை அதற்குத் துணைநின்றது. இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். (கிலோகிராமும் மீட்டரும் அவர் காலத்து அலகுகள் அல்ல, நம் வசதிக்காகக் கொள்வோம்.) நிலையாக உள்ள 3 கிலோகிராம் பந்தின்மீது 1 கிலோகிராம் பந்து வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மோதுகிறது. அதே திசையில் வினாடிக்கு 1 மீட்டர் செல்லும் படகில் இருப்பவருக்குச் சிறிய பந்து 3 மீட்டர் வேகத்திலும் பெரியது எதிர்த்திசையில் 1 மீட்டர் வேகத்திலும் வருவதாகத் தோன்றும். மோதியபின் இரண்டும் அதே வேகங்களில் திரும்பும். கரைக்கு வந்து பார்த்தால், சிறியது 2 மீட்டர் வேகத்தில் பின்செல்கிறது. பெரியது 2 மீட்டர் வேகத்தில் முன்செல்கிறது. ஆகவே சிறிய பந்து பெரியதை அசைத்தே தீர்கிறது.

டெகார்ட்டின் முறையில் கூட்டினால் மோதலுக்கு முன் இயக்கத்தின் அளவு 4. பின் 2, 6 ஆகியவற்றின் கூடுதலான 8. மாறாது என்று சொன்ன அளவே இருமடங்காகிவிட்டது. பின்செல்லும் பந்தின் அளவைக் குறை எண்ணாகக் கொண்டாலோ, 6இல் 2 போக மீண்டும் 4 கிடைக்கிறது. இன்று நாம் உந்தம் என்று வழங்கும் அளவு திசையோடு சேர்ந்தே மாறாதிருக்கிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கிக் கூட்டினால் முன்னும் 16, பின்னும் 16 என்பதையும் ஹைகென்ஸ் கண்டார். இன்றைய மீட்சி மோதலில் இயக்க ஆற்றல் மாறாமை இதுவே. மேலும், டெகார்ட்டின் நான்காம் விதியும் ஐந்தாம் விதியும் ஒரே மோதலை வெவ்வேறு படகுகளிலிருந்து பார்த்தவையே. அவை இருவேறு விடை தருவதிலிருந்தே பிழை புலப்படும்.

1656ஆம் ஆண்டளவில் இக்கருத்துகள் கையெழுத்துப்படியாக நிறைவு பெற்றன. ஆயினும் ஹைகென்ஸ் அதனை அச்சிடவில்லை. முழுமை பெறாத எதையும் வெளியிட விரும்பாத இயல்பு அவருடையது. அதனால் அவர் இழந்தவை பல என்றே சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில் சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனைக் கண்டறிந்திருந்தார். ஊசல் கடிகாரமும் சனியின் வளையமும் அடுத்த ஆண்டுகளில் அவர் நேரத்தை எடுத்துக்கொண்டன.

1661இல் இலண்டன் சென்றபோது, அங்கிருந்த அறிஞர்கள் மோதல் கணக்குகளை முன்வைக்க, அவர் விடைகளைக் கணித்துக் கூறினார். சோதனைகள் அவற்றோடு ஒத்தன. வழிமுறையை மட்டும் அவர் வெளியிடவில்லை. 1668இல் இராயல் கழகம் இயக்க விதிகளைக் குறித்து அறிஞர்களிடம் கேட்டபோது ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென், ஹைகென்ஸ் ஆகிய மூவரும் எழுதி அனுப்பினர். ரென்னின் விதிகளும் ஹைகென்ஸின் விதிகளும் ஒன்றாகவே இருந்தன. கழகத்தின் இதழோ வாலிஸ், ரென் ஆகியோரின் கட்டுரைகளை மட்டும் முதலில் வெளியிட்டது. வருத்தமுற்ற ஹைகென்ஸ், 1669 மார்ச்சில் பாரிஸ் இதழொன்றில் தம் விதிகளைத் தாமே வெளியிட்டார். அதன் பின்னரே இலண்டன் இதழிலும் அவை இடம்பெற்றன. 1687இல் வெளிவந்த தம் பெருநூலில் நியூட்டன் மூவரையும் பெயர் சுட்டிக் குறிப்பிட்டார்.

1666 முதல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் பணியாற்றிய ஹைகென்ஸ், அடிக்கடி நோயுற்று, 1681இல் தாயகம் திரும்பினார். 1695ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் ஹேக் நகரில் காலமானார். அவருடைய கையெழுத்துப்படிகள் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. படகும் பந்துகளும் இடம்பெற்ற அந்நூல், எழுதப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், 1703இல் அச்சேறியது.