கைகுலுக்கலில் தொடங்கி கோர்ட்டில் முடிந்த கூட்டணி: டிராக்டரின் தலையெழுத்தை மாற்றிய ஹாரி ஃபெர்குசன் யார்?

இங்கிலாந்து, அயர்லாந்து கிராமங்களில் சனி, ஞாயிறு வந்தால் சிலரை வீட்டுக்குள் பார்க்க முடியாது. பின்பக்க ஷெட்டில், கையெல்லாம் கிரீஸோடு ஒரு பழைய டிராக்டரைப் பிரித்து மேய்ந்துகொண்டிருப்பார்கள். சின்ன உருவம், சாம்பல் நிறம், 70 வயதைத் தாண்டிய வண்டி. பெயர் ஃபெர்குசன் டிஇ20. செல்லமாக 'லிட்டில் கிரே ஃபெர்கி'.

பழைய டிராக்டர்களை வாங்கி, துரு நீக்கி, மறுபடியும் ஓட வைப்பதை ஹாபியாக வைத்திருப்பவர்கள் மத்தியில் இந்த வண்டிக்குத் தனி மவுசு. இதை உருவாக்கியவரும் வாழ்நாள் முழுக்க எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவர்தான். நம்ம ஊர் வயல்களில் ஓடும் 'மேஸி ஃபெர்குசன்' டிராக்டரின் பெயரில் பாதி அவருடையது. ஹாரி ஃபெர்குசன்.

அவர் தீர்க்க நினைத்த பிரச்சினை ஒன்றுதான்: உழுதுகொண்டிருக்கும்போது டிராக்டர் ஏன் அதை ஓட்டுபவரையே கொல்கிறது?

விவசாயம் பிடிக்காத விவசாயி மகன்

1884 நவம்பர் 4. இன்றைய வடக்கு அயர்லாந்தில், டிரோமோர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் குரோவெல் என்ற இடத்தில் பிறந்தார் ஹாரி. அப்பா விவசாயி. வீடு நிறையப் பிள்ளைகள். நாள் முழுக்க மண்ணோடு மல்லுக்கட்டும் பண்ணை வேலை ஹாரிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

1902-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணன் ஜோ நடத்திய சைக்கிள், கார் ரிப்பேர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கும் கை அங்கேதான் பழகியது. கூடவே பைக் ரேஸ், கார் ரேஸ்.

அதோடு நிற்கவில்லை. விமானம் என்பதே புதுசாக இருந்த காலம் அது. வெளிநாட்டு விமானக் கண்காட்சிகளைப் பார்த்துவிட்டு வந்தவர், தானே ஒரு விமானத்தைக் கட்டினார். 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோவில் அது தரையை விட்டு எழும்பியது. பறந்த தூரம் சுமார் 120 மீட்டர்தான். ஆனால், அயர்லாந்து மண்ணில் இன்ஜின் விமானத்தில் பறந்த முதல் மனிதர் அவர்தான். அடுத்த ஆண்டே நியூகாஸில் கடற்கரையில் 3 மைல் பறந்து, 100 பவுண்ட் பரிசையும் வாங்கினார்.

1911-ல் அண்ணனைப் பிரிந்து சொந்தமாக கார் வியாபாரம் தொடங்கினார். முதல் உலகப் போர் வந்ததும் அமெரிக்க டிராக்டர்களை வாங்கி விற்க ஆரம்பித்தார். வேண்டாம் என்று ஓடிவந்த வயல், வேறு வழியாக அவரிடம் திரும்பி வந்தது.

டிராக்டர் ஏன் கவிழ்ந்தது?

போர்க்காலத்தில் உணவுத் தட்டுப்பாடு. கிடைக்கும் நிலத்தையெல்லாம் உழவேண்டிய நெருக்கடி. 1917-ல் அயர்லாந்து விவசாயத் துறை ஃபெர்குசனிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. ஊர் ஊராகப் போய், டிராக்டர்களைச் சரியாகப் பயன்படுத்த விவசாயிகளுக்கு வழிகாட்ட வேண்டும். தன்னுடைய மெக்கானிக் வில்லி சாண்ட்ஸைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

நேரில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்றைய டிராக்டர் மாட்டுக்குப் பதிலாக வந்த இரும்பு மாடு, அவ்வளவுதான். கலப்பையை ஒரு சங்கிலியில் கட்டி இழுக்கும். அந்தக் கலப்பை மண்ணுக்குள் இருக்கும் பாறையிலோ வேரிலோ மாட்டினால்? மாடாக இருந்தால் நின்றுவிடும். டிராக்டர் நிற்காது. பின்சக்கரம் நகர முடியாத நிலையில், இன்ஜினின் வேகம் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். வண்டி அப்படியே பின்னால் புரண்டு ஓட்டுநர் மேலேயே விழும். அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்து நிறைய விற்ற ஃபோர்ட்சன் டிராக்டருக்கு இந்த விஷயத்தில் ரொம்பவே கெட்ட பெயர்.

இதைத் தடுக்க எல்லாரும் சொன்ன வழி, டிராக்டரை இன்னும் கனமாக்குவது. ஆனால் கனமான வண்டி மண்ணை அமுக்கி இறுக்கிவிடும், எண்ணெயும் அதிகம் குடிக்கும். ஃபெர்குசன் நேர் எதிராக யோசித்தார். கலப்பையையும் டிராக்டரையும் தனித்தனிப் பொருளாகப் பார்ப்பதுதான் தப்பு, இரண்டும் ஒரே உடம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முடிவு.

மூன்று புள்ளி மேஜிக்

சொல்லும்போது எளிதாகத் தெரியும் இதைச் செய்து முடிக்க அவருக்கும் சாண்ட்ஸ் உள்ளிட்ட சின்ன டீமுக்கும் சுமார் 15 வருஷங்கள் பிடித்தன. பல கலப்பைகள், பல இணைப்புகள். 1933-ல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சொந்தமாக ஒரு மாதிரி டிராக்டரையே கட்டினார்கள். கறுப்பு நிறத்தில் இருந்ததால் அதற்கு 'பிளாக் டிராக்டர்' என்றே பெயர்.

அதன் சூட்சுமம் பின்பக்கத்தில் இருந்தது. கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு கம்பி. மொத்தம் மூன்று புள்ளிகளில் கலப்பை டிராக்டரோடு சேரும். நம்ம ஊர் டிரைவர்கள் 'டாப் லிங்க்' என்று சொல்வது அந்த மேல் கம்பியைத்தான்.

மண்ணுக்குள் கலப்பை இழுபடும்போது கீழ்க் கைகள் பின்னோக்கி இழுக்கும். மேல் கம்பியோ டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். இதனால் முன்சக்கரம் மேலே எழும்பாமல் தரையில் அழுந்தி நிற்கும். கலப்பையின் பாரமும் மண்ணின் இழுவையும் பின்சக்கரத்தின் மேல் இறங்குவதால் பிடிமானம் கூடும். அதாவது, வேலை செய்யும்போது மட்டும் வண்டி தன்னைத்தானே கனமாக்கிக்கொள்ளும்.

இன்னொரு அம்சமும் உண்டு. மண் இறுகி இழுவை கூடினால் மேல் கம்பி ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும். உடனே ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். இழுவை குறைந்ததும் இறக்கிவிடும். கலப்பை பாறையில் முட்டினால் பின்சக்கரத்தின் மேலிருந்த பாரம் விலகி, சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். வண்டி கவிழாது.

இந்த அமைப்போடு 1936-ல் டேவிட் பிரவுன் நிறுவனத்துடன் சேர்ந்து டிராக்டர் தயாரித்தார். சுமார் 1,350 வண்டிகள்தான் உருவாகின. விலை அதிகம், கூட்டாளியோடு கருத்து வேறுபாடு. அடுத்து யாரிடம் போவது?

ஃபோர்டுடன் ஒரு கைகுலுக்கல்

1938 அக்டோபர். அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டின் எஸ்டேட். ஃபெர்குசன் தன் டிராக்டரைக் கப்பலில் கொண்டுபோய் அங்கே உழுது காட்டினார். ஃபோர்டும் விவசாயி மகன்தான். உழவின் கஷ்டத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்கும் நீண்ட நாள் ஆசை. பார்த்ததும் அசந்துவிட்டார்.

ஒரு மேஜையைக் கொண்டுவரச் சொல்லி வெளியிலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை டிராக்டரை வைத்து ஃபெர்குசன் தத்துவத்தை விளக்கினார். தயாரிப்பு ஃபோர்டு, வடிவமைப்பும் விற்பனையும் ஃபெர்குசன் என்று பேசி முடித்தார்கள். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, வக்கீல் இல்லை. எழுந்து கைகுலுக்கினார்கள். அவ்வளவுதான் ஒப்பந்தம்!

1939 ஜூனில் ஃபோர்டு 9என் டிராக்டர் வெளிவந்தது. விலை 585 டாலர். அடுத்த எட்டு ஆண்டுகளில் இந்தக் கூட்டணி 3 லட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்களைத் தயாரித்தது. பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட சின்ன விவசாயிகள் இந்த டிராக்டரை வாங்கினார்கள்.

காகிதம் இல்லாததன் விலை

கைகுலுக்கியவர் இருக்கும் வரை ஒப்பந்தம் இருக்கும். அவருக்குப் பிறகு?

முதுமையில் ஹென்றி ஃபோர்டு ஒதுங்கிக்கொள்ள, பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்புக்கு வந்தார். கணக்கைப் பார்த்தால் டிராக்டர் பிரிவில் நஷ்டம். கூட்டணி 1947-ல் முடிவுக்கு வந்தது. தாத்தா இறந்ததும் அதே ஆண்டில்தான். ஃபெர்குசனைக் கழற்றிவிட்ட ஃபோர்டு நிறுவனம், 8என் என்ற புது டிராக்டரைத் தானே விற்க ஆரம்பித்தது. அதிலும் ஃபெர்குசனின் ஹைட்ராலிக் அமைப்பு இருந்தது.

உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றின் மேல் அவர் வழக்குப் போட்டார். கேட்ட இழப்பீடு 25.1 கோடி டாலர். நாலு வருஷத்துக்கும் மேல் இழுத்த வழக்கு 1952-ல் சமரசத்தில் முடிந்தது. காப்புரிமையைப் பயன்படுத்தியதற்காக அவருக்குக் கிடைத்தது 92.5 லட்சம் டாலர். கேட்டதில் 4 சதவீதம்கூட இல்லை. ஹைட்ராலிக் வடிவமைப்பை மாற்றிக்கொள்ளவும் ஃபோர்டு சம்மதித்தது. ஒரு தனி மனிதரிடம் ஃபோர்டு இறங்கி வந்ததே பெரிய விஷயம்தான். ஆனால், அவருடைய அறுபதுகளில் நாலு வருஷத்துக்கும் மேல் அந்த வழக்கு தின்றுவிட்டது.

சாம்பல் நிறக் குட்டி

வழக்கு ஒருபுறம் நடக்க, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இன்னொரு கதை ஓடியது. போரில் விமான இன்ஜின் தயாரித்த பேனர் லேன் தொழிற்சாலையில், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் கூட்டோடு 1946-ல் டிஇ20 உற்பத்தி தொடங்கியது. 1956 வரை அங்கே தயாரானவை 5 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் அதிகம்.

இன்றைய ஹாபிக்காரர்கள் இதைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணமும் அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. ஒரு விவசாயி தன் வயலில் நின்றே பழுது பார்க்க முடிய வேண்டும் என்று நினைத்துச் செய்த வண்டி இது. கலப்பையைச் சரிசெய்ய ஒரே ஸ்பேனர் போதும். அந்த ஸ்பேனரின் மேலேயே அங்குலக் கோடுகள் இருக்கும், அளவுகோலாகவும் பயன்படும். சிலிண்டர் தேய்ந்தால் முழு இன்ஜினைத் தூக்கிப்போட வேண்டாம், உள்ளே இருக்கும் லைனரை மட்டும் உருவி மாற்றலாம்.

ஸ்டார்ட் செய்வதற்கும் கியர் கம்பிதான். அதை 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். கியரில் கிடக்கும் வண்டி திடீரென்று கிளம்பி யாரையும் இடிக்காது. ஓட்டுபவரின் உயிர் பற்றிய அதே பழைய கவலை, இங்கேயும்.

குறை இல்லாமல் இல்லை. கிளட்ச்சை மிதித்தால் ஹைட்ராலிக் பம்பும் நின்றுவிடும். பழைய வண்டிகளில் லிஃப்ட் சரியாகத் தூக்காமல் மக்கர் செய்வதும் உண்டு. ஆனால், அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் தேவையில்லை. கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்தக் குட்டி வண்டி எங்கேயெல்லாம் போயிருக்கிறது தெரியுமா? எவரெஸ்ட் நாயகன் எட்மண்ட் ஹிலாரி, பனிக்கேற்பச் சங்கிலிப் பட்டை மாட்டிய மூன்று ஃபெர்குசன் டிராக்டர்களோடு 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தை அடைந்தார். தரை வழியாக அங்கே போய்ச் சேர்ந்த முதல் மோட்டார் வாகனங்கள் அவைதான்.

காசு சுண்டி முடிந்த பேரம்

1953-ல் கனடாவின் மேஸி-ஹாரிஸ் நிறுவனத்தோடு தன் தொழிலை இணைக்க ஃபெர்குசன் சம்மதித்தார். விலை 1.6 கோடி டாலரா, 1.7 கோடி டாலரா என்று பேச்சில் இழுபறி. சரி, காசு சுண்டிப் பார்ப்போம் என்றார். சுண்டினார்கள். தோற்றார். ஒரே நொடியில் 10 லட்சம் டாலர் போனது! புது நிறுவனத்திலும் அவர் நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டே விலகிவிட்டார். 1958-ல் அந்த நிறுவனத்தின் பெயர் மேஸி ஃபெர்குசன் என்று சுருங்கியது.

அதன் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கார்களின் நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தியைக் கொடுத்தால் சறுக்கி விபத்தாவது குறையும் என்று அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். அவர் நிறுவனம் உருவாக்கிய பி99 என்ற ரேஸ் காரில் ஸ்டெர்லிங் மோஸ் 1961-ல் ஓல்டன் பார்க் பந்தயத்தை வென்றார். அதைப் பார்க்க ஃபெர்குசன் இல்லை.

கடைசி ஆண்டுகளில் மன அழுத்தமும் தூக்கமின்மையும் அவரை வாட்டின. 1960 அக்டோபர் 25 அன்று இங்கிலாந்தில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 75. மரண விசாரணை எந்த முடிவுக்கும் வராமல் முடிந்தது.

சென்னைக்கு வந்த பெயர்

அவர் இறந்த அதே 1960-ல்தான் சென்னையில் 'டாஃபே' நிறுவனம் தொடங்கியது, மேஸி ஃபெர்குசனின் தொழில்நுட்பக் கூட்டோடு. அயர்லாந்து மண்ணில் பிறந்த யோசனை தமிழ்நாட்டுச் சேற்றுக்குள் இறங்கியது அப்படித்தான்.

இன்றைக்கு எந்த கம்பெனி டிராக்டராக இருந்தாலும் சரி, அதன் பின்னால் போய்ப் பாருங்கள். கீழே இரண்டு கை, மேலே ஒரு கம்பி இருக்கும். ஃபெர்குசனின் காப்புரிமைகள் காலாவதியாகி, அந்த மூன்று புள்ளி இணைப்பு உலகத்துக்கே பொது அளவாகி ரொம்ப நாளாகிவிட்டது. அதை மாட்டிக்கொண்டு உழும்போது, கலப்பை பாறையில் முட்டினால் வண்டி நிற்கும். ஓட்டுபவர் கீழே இறங்கி, பாறையைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி உட்காருவார்.