சுடுகாட்டில் தங்கம் தேடியவனின் கதை

மராத்திச் சிறுகதையில் அழியாத பெயர் பெற்ற அண்ணாபாவு சாத்தே பள்ளிக்கூடம் போனது சில நாள்கள்தான். சாதி வெறுப்பு அவரை வகுப்பறையிலிருந்து வெளியே தள்ளியது.

இன்றைய சாங்லி மாவட்டத்தின் வாட்டேகாவ் கிராமத்தில், 1920 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, மாங் சமூகத்தில் பிறந்தார். இயற்பெயர் துக்காராம். கயிறு திரித்துப் பிழைத்த அந்த மக்கள் மீது ஆங்கிலேய அரசு குற்றப்பரம்பரை முத்திரை குத்தியிருந்தது.

பிழைப்புத் தேடி அவருடைய குடும்பம் மும்பைக்கு நடந்தே போனது. அங்கே நிலக்கரி பொறுக்கினார், சுமை தூக்கினார், பஞ்சாலையில் உழைத்தார். கண்ணில் பட்ட எழுத்துகளைக் கூட்டிப் படித்துத் தானாகவே கற்றார். பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, 1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். தமாஷா என்னும் கூத்துக்கு அரசு தடை போட்டபோது, அதையே மக்கள் நாடகமாக மாற்றி மேடையேற்றினார்.

சுடுகாட்டுத் தங்கம் பற்றிய அவருடைய சிறுகதை புகழ்பெற்றது. கல்குவாரி மூடப்பட்டதால் வேலை இழந்த பீமா, பிணச் சாம்பலைச் சலித்துத் தங்கம் தேடுகிறான். பிறகு புதைகுழியையே தோண்டுகிறான். பிணத்துக்காக நரிகளோடு சண்டை போடுகிறான். கடைசியில் பிணத்தின் பற்களுக்கிடையே சிக்கிய விரல்களை இழக்கிறான். அந்த நேரத்தில் குவாரி திறக்கப்போகும் செய்தி வருகிறது. மலையைப் பிளந்தவன் குழந்தைபோல் அழுகிறான். பீமா மீது நமக்கு அருவருப்பு வருவதில்லை. அவனை அந்தக் குழிக்கு அனுப்பிய நிலைமை மீதுதான் கோபம் வருகிறது.

1958-இல் மும்பையில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்தவர் அவரே. இந்த உலகம் ஆதிசேஷன் தலைமேல் நிற்கவில்லை, தலித்துகள், தொழிலாளர்களின் கைகளில் நிற்கிறது என்று அங்கே முழங்கினார். பட்டினி கிடந்த மக்களுக்காக வெள்ளையரை எதிர்த்த மாங் வீரனைப் பற்றிய ‘பக்கீரா’ நாவலை அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். அது 1961-இல் மாநில அரசின் பரிசைப் பெற்றது. அதே ஆண்டில் சோவியத் நாட்டுக்குப் போய் வந்து பயண நூலும் எழுதினார்.

இத்தனை புகழுக்குப் பிறகும் வறுமை விலகவில்லை. காட்கோபர் சிராக் நகர் குடிசையில்தான் நெடுங்காலம் வாழ்ந்தார். 1969 ஜூலை 18-ஆம் தேதி, 49 வயது நிறைவதற்குள் காலமானார். 2002-இல் அவருக்கு அஞ்சல்தலை வந்தது.

பள்ளிக்குப் போகாமலே ஒருவர் பெரிய எழுத்தாளர் ஆனார் என்று வியந்துவிட்டுப் போவது எளிது. அதே வகுப்பறைகளிலிருந்து துரத்தப்பட்டு, ஒரு வரிகூட எழுதாமல் மறைந்தவர்கள் எத்தனை பேர்? மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.