முத்துலட்சுமி ரெட்டி: தன் தாய்வழி வழக்கத்தைச் சட்டத்தால் நிறுத்திய டாக்டர்

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் தெரியாத சென்னைக்காரர் இருக்க மாட்டார். பெசன்ட் அவென்யூ பக்கம் போகிறவர்களுக்கு அவ்வை இல்லமும் தெரிந்திருக்கும். தமிழக அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயரையும் கேட்டிருப்பீர்கள். மூன்றையும் இணைப்பவர் ஒருவர்தான்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நடிகர் ஜெமினி கணேசனுக்கு அத்தை.

2019 ஜூலை 30-ல் கூகுள் அவருக்கு டூடுல் போட்டது. அன்றைக்குப் பலரும் பகிர்ந்தது 'முதல் பெண்' பட்டியலைத்தான். ஆனால், எந்தக் குடும்பம், எந்த வம்சம் என்ற கேள்வி வாழ்நாள் முழுக்க அவரைத் துரத்தியது. அந்தக் கேள்வியை அவர் எப்படிக் கையாண்டார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

அப்பா வழி, அம்மா வழி

1886-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். சந்திரம்மாளைத் துணையாக ஏற்றதால் அப்பாவை அவருடைய சொந்தங்கள் ஒதுக்கிவைத்தன. ஆக, அப்பா வழியில் பெருமை பேச இடமில்லை. அம்மா வழியில் வந்ததையோ ஊர் இழிவாகப் பார்த்தது.

வீட்டில் படித்தே மெட்ரிக் தேறினார். அடுத்து, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதற்காகவும், தாயின் பின்னணிக்காகவும் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். 1907-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டராக வெளியே வந்தார்.

பெயரில் இருக்கும் 'ரெட்டி' பிறப்பால் வந்ததல்ல. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டதால் வந்தது. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.

தேவதாசி முறை: என்ன சிக்கல்?

கோயிலுக்குப் பெண்ணை நேர்ந்துவிடும் சடங்குக்குப் 'பொட்டுக்கட்டுதல்' என்று பெயர். ஆடல், பாடல், கோயில் சேவை எல்லாம் தாயிடமிருந்து மகளுக்கு வரும். சேவைக்கு ஈடாகக் கோயில் இனாம் நிலம் கிடைக்கும். அன்றைய பெரும்பாலான இந்துப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமையும், பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் வழக்கமும் இவர்களுக்கு இருந்தன.

கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால், சேவை நின்றால் நிலமும் போகும். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண் குழந்தைக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டிய நெருக்கடி. விவரம் புரியாத வயதிலேயே அந்தக் குழந்தையின் வாழ்க்கை முடிவாகிவிடும். அரசர்களின் ஆதரவு குறைந்த காலத்தில், பல குடும்பங்கள் பணக்கார ஆண்களை நம்பியே வாழ வேண்டியதாயிற்று.

சட்டசபையில் நடந்தது என்ன?

1926-ன் இறுதியில் மெட்ராஸ் சட்ட மேலவைக்கு முத்துலட்சுமி நியமிக்கப்பட்டார். ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்வானார். 1927-ல், பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

அடுத்து நிலத்தில் கைவைத்தார். 1929-ல் வந்த சட்டத் திருத்தம், இனாம் நிலத்தைக் கோயில் சேவையிலிருந்து பிரித்தது. இனி சேவை செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கும். மகளுக்குப் பொட்டுக்கட்டியே ஆக வேண்டும் என்ற பொருளாதாரக் கட்டாயம் இதனால் தளர்ந்தது. 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். பொட்டுக்கட்டுதலை முழுசா தடை செய்யும் சட்டம் 1947-ல்தான் வந்தது.

எதிர்த்தவர்கள் யார்?

சத்தியமூர்த்தி போன்ற அரசியல் தலைவர்கள் மரபைக் காரணம் காட்டி எதிர்த்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால், தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் அரசுக்கு மனு கொடுத்தார்கள். தாங்கள் இசையும் நடனமும் காத்துவந்த வம்சம், எல்லோரையும் ஒரே முத்திரை குத்தக் கூடாது என்பது அவர்கள் வாதம். பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்ப்பாளர்களில் ஒருவர். இன்னொரு பக்கம், அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இந்த முறையை ஒழிக்க ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்.

எதிர்த்தவர்களின் பயத்தில் நியாயமும் இருந்தது. 1936-ல் அடையாறில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். பரதநாட்டியம் வசதியான, உயர்சாதி வீட்டுப் பெண்களின் கலையாக மாறியது. அதைத் தலைமுறைகளாகக் காத்த குடும்பங்களில் பலவும் மேடையை இழந்தன. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி, தன் தாய்வழி மரபை மறைக்காமல், அதைப் பெருமையாகச் சொல்லியே உலகம் முழுக்க ஆடினார். ஆனால், அவர் விதிவிலக்கு.

முத்துலட்சுமி பார்த்தது கலையை அல்ல, குழந்தையை. அதுதான் அவர் பலம். அதுதான் அவர் மீதான விமர்சனமும்.

அவ்வை இல்லம் ஏன் வந்தது?

பொட்டுக்கட்டுதலிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு அன்றைய சென்னை விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. காரணம், பிறப்பு. அதனால் 1930-31 வாக்கில் தன் வீட்டிலேயே இடம் கொடுத்து முத்துலட்சுமி தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பிறகு அது அடையாறுக்கு இடம் மாறியது. பிறப்பை வைத்து அல்ல, கொடுக்கும் குணத்தை வைத்தே மனிதரை மதிக்கச் சொன்ன புலவரின் பெயர், குடும்பப் பெயர் சொல்ல முடியாத குழந்தைகளின் வீட்டுக்கு வந்தது.

வாரிசு யார்?

1923-ல் முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த இழப்புதான் கேன்சர் இன்ஸ்டிடியூட்டின் விதை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறில் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை வளர்த்தார். 1956-ல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 1968-ல் அவர் காலமானார்.

மகனோடு தோள் கொடுத்து, பிறகு அந்த மருத்துவமனையைத் தலைமையேற்று நடத்தியவர் ரத்த உறவு இல்லை. 1955-ல் அங்கே சேர்ந்த மயிலாப்பூர்க்காரர் டாக்டர் வி.சாந்தா. சி.வி.ராமன், எஸ்.சந்திரசேகர் என்று 2 நோபல் விஞ்ஞானிகளைச் சொந்தமாகக் கொண்ட குடும்பம் அவருடையது. எந்த வம்சமும் உரிமையோடு ஏற்காத ஒரு பெண் கட்டிய இடத்தில், ஊரே கொண்டாடும் வம்சத்திலிருந்து வந்த பெண் 2021-ல் இறக்கும்வரை வேலை செய்தார்.